சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் கொழுப்பைக் குறைத்துத் தசையைக் காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

எனக்குச் சிறுநீரகப் பாதிப்பு இருப்பது தெரிந்து ஏழு வருடம் ஆகிறது. இப்போது 3பி நிலையில், அதாவது ஐந்து நிலைகளில் மூன்றாவதின் பிற்பாதியில் நிற்கிறது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலையில் நடக்கிற எங்கள் கூட்டத்தில் இதே பிரச்சினையோடு ஐந்தாறு பேர் இருக்கிறோம். புதிதாக வந்து சேருகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது எங்களுக்கு அத்துப்படி. பெரும்பாலும் வெயிட் மெஷினில்தான்.

அது காட்டும் ஒரே எண்ணுக்குள் கொழுப்பு, தசை, நீர் மூன்றும் கலந்து கிடக்கின்றன. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு உடம்பில் நீரின் அளவு அதிகம் ஏறி இறங்காது. நமக்கு ஏறும். நாம் குறைக்க வேண்டியது கொழுப்பை, அதிலும் வயிற்றுக் கொழுப்பை. தசையை விட்டுவிடக் கூடாது. நீரைத் தேங்க விடக் கூடாது. கீழே உள்ள படிகளின் வரிசை இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதற்காகவே அமைந்தது. தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் 10-வது பகுதியை முதலில் படியுங்கள். உங்களுக்குப் பல விஷயங்கள் தலைகீழ்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று மாதத்துக்குள் எடுத்த ரிப்போர்ட் வேண்டும்: கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு), ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் எண்), சிறுநீரில் ஆல்புமின் (கசியும் புரதம்), பொட்டாசியம், ஹீமோகுளோபின், சுகர். ஈஜிஎஃப்ஆர் 45 முதல் 59 வரை 3ஏ நிலை, 30 முதல் 44 வரை 3பி, 15 முதல் 29 வரை 4-ம் நிலை, 15-க்குக் கீழே 5-ம் நிலை. நிலை தெரியாமல் சாப்பாட்டு அளவைத் தீர்மானிக்க முடியாது.

ஹீமோகுளோபினை ஏன் சேர்க்கிறேன் என்றால், ரத்தசோகை இருந்தால் பத்து நிமிட நடைக்கே மூச்சு வாங்கும். அதைச் சோம்பல் என்று நினைத்து உடம்பை விரட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் சோகைக்கு வைத்தியம், அப்புறம் நடை.

மருத்துவரிடம் மூன்று கேள்வி கேட்டு வாருங்கள். என் இதயம் உடற்பயிற்சி தாங்குமா? சர்க்கரை நோயால் விழித்திரையில் ரத்தக்கசிவு ஆபத்து இருக்கிறதா? என் மாத்திரைகளில் எது சுகரையோ பிரஷரையோ திடீரென்று இறக்கும்? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. சிறுநீரகம் தளரும்போது இன்சுலினும் சில சுகர் மாத்திரைகளும் உடம்பில் அதிக நேரம் தங்கும். அதோடு நடையும் சேர்ந்தால் வழியிலேயே சுகர் இறங்கிவிடும்.

பொருள் என்று பார்த்தால் தையல் டேப், வெயிட் மெஷின், பிரஷர் பார்க்கும் கருவி, கை வைக்காத உறுதியான நாற்காலி, ஒரு நோட்டு, முன்பக்கம் மூடிய ஷூ. அவ்வளவுதான்.

2. ஒரே காலையில் ஐந்து அளவுகள்

எழுந்து, கழிவறை போய்வந்து, காபி குடிக்கும் முன் எடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே நேரம், அதே மாதிரி உடை. இல்லாவிட்டால் போன வாரத்தோடு ஒப்பிட முடியாது.

எடை: குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து இப்போதே எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இடுப்பு: முக்கால்வாசிப் பேர் தவறாக எடுப்பது இதைத்தான். வேட்டி கட்டும் இடத்தில், தொப்பைக்குக் கீழே டேப்பை வைத்தால் எண் குறைவாகத்தான் வரும். விலாவில் கடைசி எலும்பைத் தொட்டுப் பாருங்கள். அதே பக்கம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட பிறகு படியுங்கள். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. நம் இந்திய உடம்புக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. தாண்டினால் வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் என்று பொருள். வெள்ளைக்காரர்களுக்கான அளவை வைத்துக்கொண்டு “எனக்கு ஒன்றுமில்லை” என்று இருந்துவிடாதீர்கள்.

கால்: முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முன் எலும்பின் மேல் கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் நீர் தேங்கியிருக்கிறது. காலை நேரத்திலேயே குழி விழுந்தால் நீர் கொஞ்சம் அதிகம். ஒரு விஷயம்: அம்லோடிபின் மாதிரியான பிரஷர் மாத்திரையாலும் கணுக்கால் வீங்கும். அதனால் நீங்களே முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாற்காலி: கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காருங்கள். வீட்டில் யாரையாவது போனில் நேரம் பார்க்கச் சொல்லுங்கள். ஆசிய நாடுகளுக்காக 2019-ல் வகுத்த தசை நலிவு வரையறையின்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் திறன் குறைவு.

பிரஷர்: ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு எடுங்கள்.

3. அளவுகளைச் சேர்த்துப் படிப்பது

எங்கள் கூட்டத்துக்கு ஒரு அண்ணன் வந்தார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு மாதத்தில் நாலு கிலோ குறைத்திருந்தார். “தம்பி, கிரியாட்டினினும் 2.1-லேர்ந்து 1.8-க்கு இறங்கிடுச்சு” என்று ரிப்போர்ட்டை நீட்டினார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பேசிவிட்டுக் கடற்கரைச் சுவரிலிருந்து எழுந்தபோது இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுந்தார். வாட்ச் பட்டை மணிக்கட்டில் ஒரு ஓட்டை இறங்கியிருந்தது. தொப்பை மட்டும் அப்படியே இருந்தது.

அவருக்குப் போனது கொழுப்பு அல்ல, தசை. பயந்துபோய் மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரசம் சாதத்தில் நாளை ஓட்டியிருக்கிறார். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்தால் அதுவும் குறையும். ஈஜிஎஃப்ஆர் கணக்கு கிரியாட்டினின், வயது, ஆணா பெண்ணா என்பதை மட்டும் பார்ப்பதால் காகிதத்தில் சிறுநீரகம் தேறிய மாதிரி தெரியும். இந்தச் சந்தேகம் வந்தால் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல.

ஆகவே ஐந்து எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எடை குறைந்து, இடுப்பும் குறைந்து, நாற்காலி நேரம் அதே அளவில் இருந்தாலோ குறைந்தாலோ போனது கொழுப்பு. எடை குறைந்து இடுப்பு அப்படியே இருக்க, நாற்காலி நேரம் கூடினால் போனது தசை. இரண்டே நாளில் ஒன்றரை, இரண்டு கிலோ ஏறினால் அது நீர். எந்தச் சாப்பாடும் இரண்டு நாளில் அவ்வளவு கொழுப்பைச் சேர்க்காது.

ஜிம்மில் மின்சாரம் பாய்ச்சிக் கொழுப்புச் சதவீதம் சொல்லும் மெஷினை நம் விஷயத்தில் நம்ப வேண்டாம். தேங்கிய நீரையும் அது கொழுப்பில்லாத சதைக் கணக்கில் எழுதிவிடும். கால் வீங்கியிருக்கும் ஆளைப் பார்த்துத் தசை கூடியிருப்பதாகச் சொல்லும்.

4. கொழுப்பைத் தொடும் முன் உப்பு

முதல் இரண்டு வாரம் உப்பு மட்டும். நீர் தேங்கியிருக்கும் வரை எடையும் இடுப்பும் பொய் சொல்லும். பிரஷரும் அடங்காது.

கணக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு. தலை தட்டிய ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. வீட்டில் எவ்வளவு போகிறது என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மேலேயே பேனாவால் தேதி எழுதுங்கள். நாலு பேர் இருக்கும் வீட்டில் அது 50 நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் முதல் தடவை 27 நாளில் தீர்ந்தது. வெளியே சாப்பிட்டது அதில் சேரவில்லை.

கருவாடு, ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய் இந்த ஐந்தும் நம் கரைப் பக்கத்துச் சாப்பாட்டில் உப்பை ஏற்றுபவை. கடலூர் முதுநகர்க் கருவாட்டின் ருசி தெரிந்தவனுக்கு இதைச் சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு துண்டுக் கருவாடு ஒரு நாளின் உப்பைக் கிட்டத்தட்ட தின்றுவிடும்.

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது. உப்பைக் குறைக்கிறேன் என்று கடையில் ‘லோ சோடியம்’ உப்பு வாங்குகிறார்கள். அதில் சோடியத்துக்குப் பதில் சேர்ப்பது பொட்டாசியம். சிறுநீரகம் வெளியேற்ற முடியாத பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கும். மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

5. மூன்றாம் வாரத்திலிருந்து நடை

முதல் வாரம் காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம். பிறகு வாரம் இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டே போய், நாளுக்கு 30 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று நிறுத்துங்கள். சிறுநீரக நோய்க்கு உலக அளவில் வழிகாட்டுதல் எழுதும் கேடிகோ அமைப்பின் 2024 வழிகாட்டுதல் சொல்லும் வாரம் 150 நிமிடம் இதுதான். முதல் நாளே 40 நிமிடம் நடந்துவிட்டு, முழங்கால் வலியோடு மருந்துக்கடைக்குப் போய் டைக்லோஃபெனாக் வாங்குவது நான் அடிக்கடி பார்க்கும் ஆபத்து. அந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வலித்தால் ஓய்வு. தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில்.

வேகத்துக்கு வாட்சை நம்பாதீர்கள். மெட்டோப்ரோலால் மாதிரி பிரஷர் மாத்திரை போடுபவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

எங்கே என்றால், புதுச்சேரியில் கடற்கரைச் சாலைதான் எனக்குப் பிடித்தது. காலையில் வண்டி வராது, தரை சமம், களைத்தால் உட்காரச் சுவர் இருக்கிறது. ரொம்பத் தளர்ந்தவர்களுக்குப் பாரதி பூங்கா நல்லது, பெஞ்சுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கடலூரில் மஞ்சக்குப்பம் மைதானம். வெள்ளிக் கடற்கரைக்குப் போனால் மணலில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். சர்க்கரை நோயில் கால் மரத்துப் போயிருந்தால் சிப்பி கீறியதே தெரியாது.

வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். உடம்பு வற்றினால் சிறுநீரகம்தான் முதலில் அடி வாங்கும். இந்தப் பகுதியில் சர்க்கரையோ வேறு தெளிவான காரணமோ இல்லாமல் விவசாய வேலை செய்பவர்களுக்கு வரும் சிறுநீரக நோயைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மருத்துவர்கள் 2020-ல் ‘தொண்டைமண்டல நெஃப்ரோபதி’ என்று பெயரிட்டு எழுதினார்கள். காரணம் இன்னும் முடிவாகவில்லை. வெயிலில் பாடுபடுவதும் சந்தேகிக்கப்படுவதில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக் கூடத்திலேயே நடங்கள். ஒரு மாதம் விட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

நடந்து முடித்ததும் இளநீர் என்பது நம் ஊர்ப் பழக்கம். ஒரு இளநீரில் ஒரு வாழைப்பழத்துக்குக் குறையாத பொட்டாசியம் இருக்கும். பொட்டாசியம் ஏறுகிறவர்களுக்குத் தண்ணீர்தான் நல்லது.

6. ஐந்தாம் வாரத்தில் தசைக்கான பயிற்சி

நடை மட்டும் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். நடை மூச்சுக்கும் இதயத்துக்கும் நல்லது, ஆனால் கரைகிற தசையைத் திரும்பக் கட்டாது. எதையாவது எதிர்த்துத் தள்ளினால்தான் தசை வளரும். இரண்டு வாரம் நடந்து மூட்டும் பிரஷரும் பழகிய பிறகு இதைத் தொடங்குங்கள்.

வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. அந்த ஓய்வு நாளில்தான் தசை தன்னைக் கட்டிக்கொள்ளும்.

நாலு பயிற்சி போதும். நாற்காலியில் எழுந்து உட்காருவது: இறங்கும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள், தொப்பென்று விழாதீர்கள். சுவரில் கையூன்றித் தள்ளுவது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து முழங்கையை மடக்குவது. அது ஏறக்குறைய ஒரு கிலோ. ஒவ்வொன்றும் எட்டு முறை, ஒரு சுற்று. சுலபமாகிவிட்டால் பத்து முறை, பிறகு இரண்டு சுற்று.

மூச்சு விஷயத்தில் கவனம். எழும்போதும் தள்ளும்போதும் வாயால் மூச்சை விடுங்கள். பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்தால் பிரஷர் ஒரே நொடியில் குத்தென்று ஏறும். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் மூச்சு தானாக வெளியே போகும், நான் அப்படித்தான் செய்கிறேன். விழித்திரைக் கோளாறு இருப்பவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் படிக்கு வராதீர்கள். குதிக்கும் பயிற்சி யாருக்கும் வேண்டாம். சிறுநீரக நோயில் எலும்பும் பலவீனமாகும்.

7. பிறகுதான் சாப்பாட்டில் கை வைப்பது

எல்லோரும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். தசைக்கு வேலை கொடுக்காமல் சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு கொழுப்போடு தசையையும் சேர்த்துத் தின்னும். வேலை கொடுத்துக்கொண்டே குறைத்தால் தசையை ஓரளவு விட்டுவைக்கும். அதனால்தான் இது ஏழாவது படி.

முதலில் புரதம். 3-ம் நிலையிலிருந்து, டயாலிசிஸ் இல்லாதவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் என்பது பொதுக் கணக்கு. உடல் பருமனாக இருந்தால் இப்போதைய எடையை அல்ல, உயரத்துக்கேற்ற எடையைப் போடுங்கள். 60 கிலோ என்றால் 48 கிராம். ஒரு முட்டை 6 கிராம், 100 கிராம் மீன் சுமார் 20, ஒரு டம்ளர் பால் 6 அல்லது 7, ஒரு கிண்ணம் பருப்பு 7, மீதி சோற்றிலும் இட்லியிலும் வந்துவிடும். அதாவது மதியம் ஒரு நல்ல துண்டு மீன் சாப்பிடலாம். அந்த அண்ணனுக்கு இதைச் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. உணவியல் நிபுணர் எழுதிக் கொடுத்த பிறகுதான் வீட்டில் மீன் வாங்கினார்கள்.

ஜிம் பயிற்சியாளர் சொல்வது மாதிரி கிலோவுக்கு இரண்டு கிராம் நமக்கு இல்லை. 1.3-க்கு மேல் போகக் கூடாது. அதிகப் புரதம் மீதி இருக்கும் வடிகட்டிகளை அதிகமாக உழைக்க வைக்கும்.

புரதத்தை உறுதி செய்துவிட்டு மாவுப்பொருளையும் எண்ணெயையும் குறையுங்கள். இரவுச் சோற்றில் ஒரு கரண்டி, மாலை டீயோடு வரும் பஜ்ஜி, பேக்கரி பப்ஸ் என்று அன்றாடம் வருவதிலிருந்து எடுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குச் சேர்த்துச் சொல்ல வேண்டியது மது: ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி, கூடவே வரும் சைடு டிஷ் முழுக்க உப்பு. மாதம் ஒன்று முதல் இரண்டு கிலோ குறைந்தால் போதும். அதைவிட வேகமாகக் குறைந்தால் தசைதான் போகிறது என்று சந்தேகப்படுங்கள்.

பொட்டாசியம் சரியாக இருக்கும்போதே எல்லாப் பழத்தையும் கீரையையும் நிறுத்துவது தேவையில்லாத தண்டனை. ரிப்போர்ட்டில் ஏறியிருந்தால் மட்டும் கட்டுப்பாடு. அப்போது பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் முதலில் நிற்க வேண்டும். நட்சத்திரப் பழம் மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம், அதிலுள்ள நச்சு நமக்கு வெளியேறாமல் மூளையைத் தாக்கும்.

8. பொடி, கஷாயம், ஜூஸ்

வேண்டாம். புரதப் பொடி உங்கள் புரதக் கணக்கை உடைக்கும். கிரியாட்டின் பொடி கிரியாட்டினினை ஏற்றிக் காட்டி மருத்துவரைக் குழப்பும். தினமும் பசலைக்கீரை ஜூஸ் குடித்தால் அதிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படியும். உடல் இளைக்க என்று பெல்ஜியத்தில் கொடுத்த மூலிகை மாத்திரையால் பல பெண்களுக்குச் சிறுநீரகமே செயலிழந்தது 1990-களில் வெளிவந்த உண்மை. ‘இயற்கை’ என்ற சொல்லை நம்பி உங்கள் மீதிச் சிறுநீரகத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

9. பரிசோதனைக்குப் போகும் வாரம்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் கொடுக்கும்போது, அதற்கு முந்தைய இரண்டு நாள் தசைப் பயிற்சியை விடுங்கள். முந்தைய இரவு கறி வேண்டாம். இரண்டுமே கிரியாட்டினினைத் தற்காலிகமாக ஏற்றும். வேகமாக நடந்து முடித்த கையோடு சிறுநீர் கொடுத்தால் ஆல்புமின் கூடுதலாக வரும். காலை முதல் சிறுநீரைக் கொடுங்கள். முடிந்தவரை ஒரே லேபில் கொடுங்கள்.

எடை குறையக் குறைய பிரஷர், சுகர் மாத்திரைகளின் அளவும் மாற வேண்டியிருக்கும். நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

10. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு

நீங்களாக எடையைக் குறைக்காதீர்கள். டயாலிசிஸில் உடம்பு மெலிவதுதான் பெரிய ஆபத்து. புரதமும் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும், டயாலிசிஸின்போது கொஞ்சம் வெளியேறிவிடுவதால். முன்பு குறைக்கச் சொன்ன அதே மருத்துவர் இப்போது கூட்டச் சொல்கிறாரே என்று பலர் குழம்பிப் பழைய பத்தியத்திலேயே நிற்கிறார்கள்.

‘டிரை வெயிட்’, அதாவது கூடுதல் நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை பற்றி ஒன்று கவனியுங்கள். சாப்பாடு குறைந்து இரண்டு கிலோ சதை போயிருந்தால், பழைய டிரை வெயிட்டில் நிறுத்தும்போது போன சதையின் இடத்தில் இரண்டு கிலோ நீர் நிற்கும். வெயிட் மெஷின் ‘சரி’ என்று காட்டும், இரவில் படுத்தால் மூச்சு முட்டும். பசி குறைந்த வாரத்தில் டிரை வெயிட்டை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பயிற்சியை டயாலிசிஸ் இல்லாத நாளில் செய்யலாம். மையத்தில் அனுமதித்தால் படுக்கையிலேயே முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கால்களை மட்டும் அசைத்துச் செய்யலாம். அதற்குப் பிறகு நீர் இறங்கி பிரஷர் விழும் வாய்ப்பு அதிகம். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் பிரஷர் பட்டை கட்டக் கூடாது, கனமான பையைத் தொங்கவிடக் கூடாது. அறுவை சிகிச்சைப் புண் ஆறியதும் மருத்துவர் சொன்னால் பந்தைப் பிசையும் பயிற்சி அந்தக் கைக்கு நல்லது.

11. நடக்கக் கூடாத நாள்கள்

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும் நாள். மேல் பிரஷர் 180-ஐத் தாண்டிய நாள். இரண்டு நாளில் எடை குத்தென்று ஏறிய நாள். டயாலிசிஸ் தவறிய நாள். சுகர் 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சட்டைப்பையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை மடித்த பொட்டலம் ஒன்று இருக்கட்டும். பொட்டாசியம் ஏறுகிறவர்களுக்கு இந்த அவசரத்துக்குப் பழச்சாற்றைவிடச் சர்க்கரையே மேல்.

நெஞ்சு அழுத்தம், புதிதாக வந்த மூச்சுத்திணறல், நாடி தாறுமாறாக ஓடுவது, கைகால் திடீரென்று வலுவிழப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். கூட நடப்பவரிடம் சொல்லி 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். இதற்காகவே ஆரம்ப மாதங்களில் யாரும் தனியாக நடக்க வேண்டாம் என்கிறோம். துணைக்கு வருகிறவருக்கு உங்கள் மாத்திரைகளின் பெயரும் கடைசி ரிப்போர்ட்டும் எந்தப் பையில் இருக்கிறது என்பது தெரிந்திருக்கட்டும்.